மேரேஜ் தெரபிஸ்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஃப்ரீமான்ட் வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது, கணவருக்கு 37. கல்யாணமாகி ஒன்பது வருடம், ஆறு வயதில் ஒரு மகள். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். அவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். நான் அவருடைய விசாவைச் சார்ந்த எச்-4-ல் வந்து, இப்போது வேலை அனுமதி வாங்கிப் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். ஒன்றிரண்டு வருடமாகச் சண்டை அதிகம், ஒரு சண்டை வந்தால் நாலைந்து நாள் பேச்சே இருக்காது. அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்தால் ஆறு மாதம் இருப்பார், அப்போது இன்னும் மோசம். போன மாதம் கோபத்தில் என் போனைச் சுவரில் எறிந்துவிட்டார். கவுன்சிலிங் போகலாம் என்றேன், சரி என்றார். ஆனால் "தமிழ் ஆளா இருக்கணும், வெள்ளைக்காரங்களுக்கு நம்ம வீடு புரியாது" என்கிறார். சென்னையிலிருந்து வீடியோவில் பேசும் ஒருவரையும் பார்த்து வைத்திருக்கிறார். எனக்கோ, தமிழ் ஆள் என்றால் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். இங்கே இணையத்தில் தேடினால் வரிசையாகச் சிரித்த முகங்கள், பெயருக்குப் பின்னால் என்னென்னவோ எழுத்துகள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விசாவுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: தெரபிஸ்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் போன் விஷயத்தைப் பேசிவிடலாம். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: அன்றைக்குப் பிறகு அவரிடம் ஒன்று சொல்வதற்கு முன் பயந்து வார்த்தையை அளந்து பேசுகிறீர்களா? அவர் உங்களைத் தள்ளியது, கையைப் பிடித்து முறுக்கியது, வழியை மறித்து நின்றது என்று ஏதாவது உண்டா? பாஸ்போர்ட், பணம், போன் இவற்றை அவர் கட்டுப்படுத்துகிறாரா? "உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டியிருக்கிறாரா? இதில் எதற்காவது பதில் ஆமாம் என்றால் இருவரும் சேர்ந்து போகும் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம். அந்த அறையில் நீங்கள் மனம் திறந்து சொல்லும் ஒரு வார்த்தைக்கு, திரும்பி வரும் வழியில் காரிலோ வீட்டிலோ நீங்கள் விலை கொடுக்க வேண்டி வரலாம், அதைத் தடுக்க எந்தத் தெரபிஸ்டாலும் முடியாது. முதலில் தனியாக ஒருவரிடம் பேசுங்கள். 800-799-7233 குடும்ப வன்முறைக்கான தேசிய ஹாட்லைன், எந்த நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். உங்கள் பகுதியிலேயே மைத்ரி, நாரிகா என்று இரண்டு அமைப்புகள் 1990களின் தொடக்கத்திலிருந்து தெற்காசியப் பெண்களுக்காக இயங்கி வருகின்றன. எச்-4-ல் இருக்கும் பெண்ணின் நிலைமையை அவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

அப்படி எதுவும் இல்லை, அது ஒரு தடவை நடந்தது, அவரே வெட்கப்பட்டார், உங்களுக்கு அவரிடம் பயம் இல்லை என்றால் சேர்ந்து போகலாம். ஆனால் தெரபிஸ்டிடம் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல தம்பதி தெரபிஸ்ட் பெரும்பாலும் முதல் சில சந்திப்புகளுக்குள் இருவரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசுவார், அந்த நேரத்தில் நேரடியாகவே "வீட்டில் அடி, மிரட்டல் உண்டா" என்று கேட்பார். ஆகவே உங்கள் முதல் சல்லடை இதுதான். தொடக்கத்தில் எங்களைத் தனித்தனியாகப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். அதற்கு அவசியமே இல்லை என்று சொல்பவரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

விசா பயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். தம்பதியாகச் சிகிச்சைக்குப் போவதைத் தெரபிஸ்டுகளான நாங்கள் குடியேற்றத் துறைக்கோ உங்கள் கணவரின் கம்பெனிக்கோ தெரிவிப்பதில்லை. ரகசியத்தை மீற வேண்டிய, மீறக்கூடிய இடங்கள் சில உண்டு: குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற நியாயமான சந்தேகம், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கொடுமை, இன்னொருவரைத் தாக்கப் போவதாகத் தெளிவான மிரட்டல், தன் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. அப்புறம் நீதிமன்ற உத்தரவு போன்ற சில சட்டச் சூழ்நிலைகள். இவை எல்லாம் முதல் நாள் கையெழுத்து வாங்கும் காகிதங்களிலேயே எழுதியிருக்கும். அவசரமாக ஸ்க்ரோல் பண்ணிக் கையெழுத்துப் போடாமல் இருவரும் படித்துவிடுங்கள்.

சரி, பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள். எல்.எம்.எஃப்.டி. என்றால் மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபிஸ்ட் லைசென்ஸ். முதுகலைப் படிப்புக்குப் பிறகு தேர்வும், மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவமும் வேண்டும். அதில் குறைந்தது 500 மணி நேரம் தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். தம்பதிகள் மட்டும் அல்ல, குழந்தைகளும் குடும்பங்களும் சேர்த்துத்தான் 500. அதாவது லைசென்ஸின் பெயரிலேயே மேரேஜ் இருக்கும் ஒருவர், தம்பதிகளை மிகக் குறைவாகப் பார்த்தே அந்த லைசென்ஸை வாங்கியிருக்கவும் முடியும். எல்.சி.எஸ்.டபிள்யூ. என்று போட்டிருப்பவர் சோஷியல் வொர்க் வழியாக வந்தவர், சைக்காலஜிஸ்ட் முனைவர் பட்டம் பெற்றவர். இவர்களிலும் தம்பதிகளோடு அருமையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். எல்.பி.சி.சி., அதாவது புரொஃபஷனல் கிளினிக்கல் கவுன்சிலர் லைசென்ஸ், என்று இருந்தால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள், ஏனென்றால் அந்த லைசென்ஸ் உள்ளவர் இங்கே தம்பதிகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனிப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் முடித்திருக்க வேண்டும். "ரிலேஷன்ஷிப் கோச்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு லைசென்ஸே கிடையாது, நாளைக்கு ஒரு தவறு நடந்தால் புகார் கொடுக்க ஒரு போர்டும் கிடையாது. எந்தப் பெயராக இருந்தாலும் மாநிலத்தின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில், நுகர்வோர் விவகாரத் துறையான டி.சி.ஏ.வின் தளத்தில், போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் தமிழ் ஆள் வேண்டும் என்கிறார், நீங்கள் வேண்டாமோ என்கிறீர்கள், இரண்டு பேருமே ஆளின் ஊரைப் பார்க்கிறீர்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, இரண்டு பேரை ஒரே அறையில் வைத்து வேலை செய்ய இவருக்குத் தெரியுமா என்பதை. ஒருவரை மட்டும் உட்காரவைத்துப் பேசுவதும் இதுவும் வேறு வேறு வேலை. தனிநபர் சிகிச்சையில் தெரபிஸ்ட் உங்கள் பக்கம் நின்று கேட்கலாம், தம்பதி சிகிச்சையில் அப்படி நின்றால் பத்து நிமிடத்தில் மற்றவர் உள்ளுக்குள் எழுந்து போய்விடுவார், உடம்பு மட்டும் சோபாவில் இருக்கும். சண்டை சூடாகும்போது நடுவில் புகுந்து நிறுத்த வேண்டும், பேசாமல் சுருங்கிப் போகிறவரை வெளியே கொண்டுவர வேண்டும், யார் சொல்வது சரி என்ற வழக்கு விசாரணைக்குள் இழுபடாமல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் தனியாகப் பயிற்சி வேண்டும். கவலை, மனச்சோர்வு, ஏ.டி.எச்.டி., டீன் ஏஜ், துக்கம், தம்பதிகள் என்று எல்லாவற்றையும் டிக் அடித்து வைத்திருக்கும் பக்கங்களை நான் அதிகம் நம்புவதில்லை. போனில் கேளுங்கள்: "இந்த வாரம் நீங்கள் பார்ப்பவர்களில் எத்தனை பேர் தம்பதிகளாக வருகிறார்கள்?" பாதிக்குப் பாதியாவது இருந்தால் நல்லது. "ஒன்று, இரண்டு" என்று வந்தால் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, எந்த முறையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். இந்த ஊரில் நீங்கள் அடிக்கடி கேட்கப் போகும் பெயர்கள் காட்மன் முறை, ஈ.எஃப்.டி. எனப்படும் எமோஷனலி ஃபோகஸ்டு தெரபி, அப்புறம் கொஞ்சம் குறைவாக ஐ.பி.சி.டி. எனப்படும் இன்டக்ரேட்டிவ் பிஹேவியரல் கப்பிள் தெரபி. மூன்றுமே தம்பதிகளுக்காகவே உருவாக்கப்பட்டவை, ஆராய்ச்சிப் பின்புலம் உள்ளவை. எது உசத்தி என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈ.எஃப்.டி.யின் முதல் படிப் பயிற்சி நான்கு நாள். காட்மன் முறையில் லெவல் 1, 2, 3 என்று படிகள் உண்டு, அதற்கும் மேலே சர்ட்டிஃபைடு என்ற நிலை. நான்கு நாள் போய் வந்தவரும் தன் பக்கத்தில் "ஈ.எஃப்.டி. பயிற்சி பெற்றவர்" என்று போடலாம், அதில் பொய் இல்லை. எதுவரை முடித்திருக்கிறீர்கள், இப்போதும் யாரிடமாவது கலந்தாலோசிக்கிறீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நிஜமாகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

மொழி விஷயம். உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் இருவரும் தமிழில்தான் சண்டை போடுகிறீர்கள். "நீ எங்க அம்மாவை என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்க" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னால் பாதி உயிர் போய்விடும். ஆனால் உங்கள் பயத்திலும் உண்மை இருக்கிறது. நம்முடைய ஆளே என்றாலும், தன் வீட்டுப் பெரியவர்களின் நியாயத்தைத் தொழிலுக்குள் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ஊரை விசாரிப்பதைவிட நல்ல சோதனை ஒன்று சொல்கிறேன். முதல் போன் பேச்சிலேயே, தமிழரோ அமெரிக்கரோ யாராக இருந்தாலும், "என் மாமியார் வந்தால் ஆறு மாதம் எங்களோடு இருப்பார், அப்போது எங்களுக்குள் நிலைமை மோசமாகிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள், எதிர்ப்பக்கம் என்ன வருகிறது என்று கேளுங்கள். "ஆறு மாதமா! நீங்கள் எல்லை வகுக்க வேண்டும்" என்று உடனே வந்தால் அவருக்கு உங்கள் வீடு புரியவில்லை, புரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. "பெரியவங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று வந்தால் அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். "அவர் வந்ததும் உங்கள் இருவருக்குள் என்ன மாறுகிறது? அவர் இருக்கும்போது யாரிடம் யார் பேசுவது குறைகிறது? அவர் வருவதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேள்வியாக வந்தால், அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் அவர் உங்களுக்கு உதவக் கூடியவர். அப்படிப்பட்டவர் அறையில் உங்களைத் தமிழிலேயே ஒருவரிடம் ஒருவர் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு தனக்கு விளக்கச் சொல்வார்.

தமிழ் பேசுபவரே வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தால் ஃப்ரீமான்ட்டைச் சுற்றியே தேட வேண்டியதில்லை. கலிஃபோர்னியா லைசென்ஸ் மாநிலம் முழுக்கச் செல்லும். லாஸ் ஏஞ்சலஸிலோ சான் டியாகோவிலோ இருக்கும் தமிழ்த் தெரபிஸ்ட் உங்களை வீடியோவில் பார்க்கலாம். தமிழ்ச் சங்கம், கோயில், மகளின் நாட்டிய வகுப்பு என்று எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் பே ஏரியாவில் இது பெரிய நிம்மதி. பக்கத்திலேயே ஒருவர் கிடைத்தால், நமக்குப் பொதுவாக யாரையாவது தெரியுமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இரட்டை உறவுகளை, அதாவது வேறு வழியில் தெரிந்தவருக்கே தெரபிஸ்டாகவும் இருப்பதை, முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் நெறி.

சென்னையில் இருப்பவர் பற்றி. அவர் திறமைசாலியாக இருக்கலாம், நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சிகிச்சை என்பது வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடப்பதாகத்தான் இங்கே சட்டம் பார்க்கிறது, எனவே உங்களுக்குச் சிகிச்சை தர இந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் மேரேஜ் தெரபிஸ்ட் என்று தனி லைசென்ஸும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள், மற்றபடி "கவுன்சிலர்" என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளக் கூடிய நிலைதான் நீண்ட காலமாக இருந்துவருகிறது. சண்டை கைமீறிய ஒரு ராத்திரியில் உங்கள் ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, எச்-4-ல் இருப்பவருக்குப் பிரிவு என்றால் என்ன அர்த்தம் என்றும் தெரியாமல் இருக்கலாம். கட்டணம் குறைவு என்பது கவர்ச்சிதான், எனக்குப் புரிகிறது. இருந்தாலும் போன் உடைந்த ஒரு வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பாலான தெரபிஸ்டுகள் முதலில் ஒரு 15 நிமிடம் போனில் இலவசமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது, பலரும் கேட்பதில்லை: "எங்களில் ஒருவர் உங்களிடம் தனியாக ஒரு ரகசியம் சொன்னால் என்ன செய்வீர்கள்?" சிலர் ரகசியமே வைத்துக்கொள்ள மாட்டேன், சிகிச்சைக்குத் தேவை என்று பட்டால் மற்றவர் முன்னால் கொண்டுவருவேன் என்பார்கள். சிலர் தன் மதிப்பீட்டின்படி வைத்துக்கொள்வேன் என்பார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. தெளிவான பதிலே இல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்றால்தான் ஆபத்து, ஏனென்றால் நடுவழியில் ஒருவர் ரகசியமாக ஒரு மெசேஜ் அனுப்புவார், மற்றவருக்கு அது தெரிய வரும், அதோடு சிகிச்சை முடிந்துவிடும். அந்த வன்முறைக் கேள்விக்கான பதில்கள் இதில் எப்படிக் கையாளப்படும் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

தேடலை நீங்கள் மட்டும் செய்யாதீர்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நீங்களே கண்டுபிடித்து, நீங்களே பேசி, தேதியும் வாங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் நாளே அந்தத் தெரபிஸ்ட் அவர் கண்ணில் "உன் ஆளு". நீங்கள் இரண்டு பெயர், அவர் இரண்டு பெயர், நான்கு பேரிடமும் ஸ்பீக்கர் போட்டு இருவரும் சேர்ந்து பேசுங்கள். அவருக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதை அவரே கேட்கட்டும். "என் மனைவிக்கு எடுத்துச் சொல்வீர்களா" என்று அவர் கேட்டால்கூடக் கேட்கட்டும், அதற்கு வரும் பதிலிலிருந்து நீங்கள் இருவரும் நிறையத் தெரிந்துகொள்வீர்கள். ஒருவேளை உங்களில் ஒருவர் மனதுக்குள் பிரிந்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்று தெளிவதற்கென்றே டிஸ்சர்ன்மென்ட் கவுன்சிலிங் என்று, ஐந்து சந்திப்புக்குள் முடியும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் பாதி வெளியே நிற்கும்போது வழக்கமான தம்பதி சிகிச்சை ஓடாது.

பணம். உங்கள் பகுதியில் 50 நிமிடத்துக்கு 200 முதல் 300 டாலர் சாதாரணம். தம்பதிச் சண்டை என்ற காரணத்துக்கு மட்டும் பெரும்பாலான இன்சூரன்ஸ் பணம் தராது, இருவரில் ஒருவருக்கு மனச்சோர்வு மாதிரி ஒரு நோயின் பெயர் போட்டால்தான் தரும். அது உண்மையாகவே இருந்தால் தவறில்லை. ஆனால் யார் பெயரில், எந்த நோய் என்று போடப் போகிறீர்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதியுங்கள். அது அந்த ஒருவரின் மருத்துவ ஆவணத்தில் இருக்கும், அதைவிட, வீட்டில் "உனக்குத்தான் பிரச்சினைன்னு டாக்டரே எழுதிட்டாங்க" என்று திரும்பி வரக்கூடும். கணவரின் கம்பெனியில் ஈ.ஏ.பி. எனப்படும் ஊழியர் உதவித் திட்டம் இருந்தால் சில சந்திப்புகள் இலவசமாகக் கிடைக்கலாம், யார் போனார்கள் என்ற விவரம் மேனேஜருக்குப் போகாது. கை இறுக்கமாக இருந்தால் ஏ.எம்.எஃப்.டி. என்று இருக்கும் அசோசியேட்டுகளைப் பாருங்கள். லைசென்ஸுக்கு முந்தைய நிலையில், ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்பவர்கள். கட்டணம் பெரும்பாலும் கணிசமாகக் குறையும், தம்பதி சிகிச்சையில் நல்ல மேற்பார்வையாளர் இருந்தால் சில சமயம் ரொம்ப நன்றாகவே செய்வார்கள். 2022 முதல் இன்சூரன்ஸ் இல்லாமல் கையிலிருந்து கட்டுபவர்களுக்கு எதிர்பார்க்கும் செலவை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

தொடங்கிய பிறகு மூன்று நான்கு சந்திப்பு கொடுங்கள். அதற்குள் சண்டை தீர்ந்துவிடாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அந்த அறையில் உங்கள் வீட்டுச் சண்டை அப்படியே 50 நிமிடம் ஓடி முடிகிறதா, இல்லை அவர் குறுக்கே வந்து நிறுத்தி வேறு மாதிரி பேசவைக்கிறாரா? உங்கள் பக்கம் அவருக்குப் புரிந்தது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா, கணவரைக் கேட்டால் அவரும் தன்னைப் பற்றி அதையே சொல்கிறாரா? அந்த நாலைந்து நாள் மௌனம் எப்படித் தொடங்குகிறது, அதில் உங்கள் பங்கு என்ன, அவர் பங்கு என்ன என்று ஒரு படமாவது உங்களுக்குக் கிடைத்திருக்கிறதா? இதெல்லாம் இல்லையென்றால் சும்மா நின்றுவிடாதீர்கள். அடுத்த சந்திப்பிலேயே நேராகச் சொல்லுங்கள்: "எங்களுக்கு இது உதவுகிற மாதிரி தெரியவில்லை, என்ன மாற்றலாம்?" கேட்டு மாற்றிக்கொள்பவர் கிடைத்தால் தொடருங்கள், கோபப்படுகிறவராக இருந்தால் வேறு இரண்டு மூன்று பெயர் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பெயர் கொடுப்பார்கள், அதுவும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.